தங்கை வீட்டு முட்டைப் பாண்

அப்பா கடுகண்ணாவையில் என் தங்கை வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்த மறுநாள் காலை, வழக்கம்போல ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் வைத்தேன். அவர் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டு மென்றுகொண்டே, "சின்னவ வீட்ல முட்டைப் பாண் ஒண்ணு செய்யுறா. அத மாதிரி ஒண்ண நான் சாப்பிட்டதே இல்ல" என்றார்.

"பேக்கரிப் பாண முட்டையில தோச்சுப் பொரிக்கிறதா? அத நானும் செஞ்சு குடுத்திருக்கேனே."

"இது வேற. ஓவன்ல வேகுறது. பாண், முட்டை, லீக்ஸ், சீஸ் எல்லாம் போட்டு... மேல சும்மா பொன்னு மாதிரி வரும். வாசம் ரோட்டு வரைக்கும் அடிக்கும்."

அப்பா சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மடுல்கெல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில் லொறி ஓட்டியவர். வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போகிற ஆள். அம்மா உயிரோடு இருந்தவரைக்கும் உப்புக் கூடிவிட்டது, உறைப்புக் குறைந்துவிட்டது என்றுகூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. நல்லா இருக்கு என்று ஒருதரமாவது சொல்ல மாட்டாரா என்று அம்மா ஏங்கியது எனக்குத் தெரியும். அந்த மனிதர் இப்போது தங்கை செய்த பாணைப் பற்றி இரண்டு கையையும் விரித்துக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

ரொட்டியை மிச்சம் வைக்காமல்தான் சாப்பிட்டார். குறை ஒன்றும் சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அம்மா போன பிறகு அப்பா எங்களோடுதான் இருக்கிறார். கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டில் வெளிச்சம் வருகிற முன்னறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தேன். அங்கேதான் என் தையல் மிஷின் இருந்தது. அதைக் குசினிக்குப் போகிற நடையில் கொண்டுபோய்ப் போட்டேன். இப்போது பகலிலும் லைட் போட்டுக்கொண்டுதான் சட்டை தைக்கிறேன். காலையில் அவருக்குக் குளிக்கச் சுடுதண்ணீர், சாப்பாட்டுக்கு முந்தி ஒரு மருந்துக் குளிசை, பிந்தி ஒரு குளிசை, சீனி போடாத தேத்தண்ணி. கிளினிக்குக்குக் கூட்டிப் போவதும் நான்தான். மழை பெய்தால் அவர் குடை எடுத்தாரா என்று ஓடிப்போய்ப் பார்ப்பதும் நான்தான். தங்கை எப்போதாவது ஒரு மாதம் வைத்துக்கொள்வாள். அந்த ஒரு மாதத்தில் ஒரு பாணைச் சுட்டுக் கொடுத்து, என் இத்தனை வருசத்தையும் அவள் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள் என்றே எனக்குத் தோன்றியது.

பொறாமை எங்களுக்குள் புதிது இல்லை. அவளுக்கு இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருந்தது. அவள் படித்து தாதியாகி, முதல்முதலாக வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு தோட்டத்து லயத்து வாசலில் வந்து நின்றபோது, அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். உடுப்பு அளவாக இருக்கிறது என்று ஒரு பாட்டி சொன்னாள். அதைத் தைத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பின்பக்கத்தில் நின்று அவளுடைய கொலரைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவளுக்குப் போன் எடுத்தேன். பொறாமைப்படுகிறேன் என்று தெரியக்கூடாது என்பதற்காக முதலில் பிள்ளைகளின் இருமலைப் பற்றிப் பேசினேன். பிறகு, "அப்பா ஏதோ முட்டைப் பாண்னு சொல்றாரு, அது என்னாடி?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "அது ஒண்ணுமில்லக்கா. நான் விடிய முந்தியே பஸ் புடிக்கணும்ல. காலையில நின்னு சுட்டுக்கிட்டு இருக்க ஏலுமா? அதனால முதல் நாள் சாயங்காலமே எல்லாத்தையும் அடுக்கி ஃப்ரிட்ஜ்ல வச்சிடுவேன். காலையில ஓவன்ல வச்சா முடிஞ்சுது."

"என்னென்னா போடுற?"

"ட்ரேயில பட்டர் பூசிட்டு, பாணைத் துண்டு துண்டா வெட்டிப் போடணும். வெங்காயம், லீக்ஸ், கறி மிளகாய் எல்லாம் லேசா வதக்கி மேல தூவணும். சொசேஜஸ் இருந்தா அதுவும். முட்டைய பாலோட அடிச்சு, உப்பு, மிளகுத் தூள், இடிச்ச செத்தல் மிளகாய் போட்டு ஊத்திட்டு, மேல சீஸ். ராத்திரி முழுக்க ஊறணும், அதான் முக்கியம். ஆ, பாண் பழசா இருக்கணும்க்கா. அன்னைக்கு வாங்கினது சரிவராது."

பழைய பாண் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. அப்பாவுக்குப் பழைய பாணைப் போட்டுக் கொடுத்துத்தான் இந்தப் பேரை வாங்கியிருக்கிறாளா? என் கையால் அது நடக்காது என்று நினைத்துக்கொண்டு, பேக்கரியில் சூடாக இறக்கிய பாணாகப் பார்த்து வாங்கி வந்தேன். நல்ல முட்டை வாங்கினேன். அவள் பால்மா கரைத்து ஊற்றியிருப்பாள் என்று நானே முடிவுசெய்து, நான் பசும்பால் வாங்கினேன். எங்கள் வீட்டில் இருந்த சின்ன ஓவன், என் வீட்டுக்காரர் ஒரு வருசம் கேக் சுடலாம் என்று வாங்கியது. அதன் மேலே அடுக்கியிருந்த டப்பாக்களை எல்லாம் இறக்கித் துடைத்து வைத்தேன்.

மறுநாள் காலை ட்ரேயை வெளியே எடுத்தால், மேலே நிறம் வந்திருந்தது. கரண்டியை விட்டால் உள்ளே கூழ். புதுப் பாண் கரைந்து, முட்டையோடு சேர்ந்து, ஒரு பக்கம் தண்ணீர் விட்டிருந்தது. பிள்ளைகள் இருவரும் தட்டைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர், "பரவாயில்ல, புட்டிங் மாதிரி இருக்கு" என்றார். அப்பா மட்டும் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார்.

அடுத்த தடவை பழைய பாண் போட்டேன். அது அருமையாக வந்தது. நானே சொல்கிறேன், அவ்வளவு நன்றாக வந்தது. மேலே மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்று, லீக்ஸின் இனிப்பும் மிளகாயின் உறைப்பும் சரியாகச் சேர்ந்திருந்தன. மகள் பள்ளிக்கூடத்துக்கும் கட்டிக்கொண்டு போனாள். அப்பா பக்கத்தில் போய் நின்றேன். மகளைவிடச் சின்னப் பிள்ளை மாதிரிதான் நின்றேன்.

"எப்படி இருக்குப்பா?"

அவர் யோசித்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா அங்க மாதிரி இல்ல."

அன்றைக்கு முழுக்க என்னால் ஒரு வேலையும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை. ஒருத்தியின் சாரிச் சட்டைக்குக் கையை மாற்றித் தைத்துவிட்டுப் பிறகு பிரித்தேன். தங்கை எதையோ என்னிடம் மறைத்துவிட்டாள் என்று உறுதியாக நம்பினேன். ஜாதிக்காயா, கடுகுப் பேஸ்டா, இல்லை ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்கிற யாரோ சொல்லிக் கொடுத்த ஏதோ ஒரு தூளா? போனில் கேட்டால் இல்லை என்பாள். நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

பிறகு ஒரு சனிக்கிழமை அப்பாவை அங்கே விடுகிற சாக்கில் நானும் கிளம்பினேன். கண்டியிலிருந்து பஸ் பேராதனை தாண்டி, பிலிமத்தலாவையில் ஊர்ந்து, கடுகண்ணாவைக்குப் போய்ச் சேர்வதற்குள் அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து இரண்டுதரம் விசில் அடித்தார். எங்கள் வீட்டுக்கு வரும்போது அவர் விசில் அடித்து நான் கேட்டதில்லை. அதையும் மனதில் போட்டு வைத்துக்கொண்டேன்.

தங்கை வீடு பிரதான வீதியிலிருந்து கொஞ்சம் ஏறிப் போக வேண்டும். அவளுடைய புருசன் கீழே டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறான். சாயங்காலம் அவள் குசினியில் நின்று ட்ரேயை அடுக்கும்போது நான் பக்கத்தை விட்டு நகரவில்லை. வெங்காயம் நறுக்கித் தருகிறேன் என்று சொல்லி, அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் சொன்னது எதுவோ அதுதான். ஒன்றும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பால்கூடப் பால்மாதான். அவள் ட்ரேயை மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, "நாளைக்கு எனக்கு டியூட்டி. நீ ஆறுதலா எழும்பு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.

காலையில் அவள் போன சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. வாசம்தான் எழுப்பியது. பட்டரும் வெங்காயமும் சீஸும் கலந்த அந்த வாசம். தங்கை புருசன்தான் சுடுகிறான் போல என்று நினைத்துக்கொண்டு, தலைமுடியை முடிந்தபடி குசினிக்குப் போனேன்.

ஓவனுக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். சாரத்துக்கு மேல் ஸ்வெட்டர், தோளில் ஒரு துவாய். தங்கையின் பிள்ளைகள் இரண்டும் அவருடைய இரண்டு பக்கமும் நின்று கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தன.

"தாத்தா, ஆயிருச்சு. எடுங்க."

"எங்க ஆச்சு? நடுவுல பாரு, இன்னும் ஆடுது. ஆடுற வரைக்கும் எடுக்கக்கூடாது."

நான் பதறிப் போனேன். "அப்பா! நீங்க என்னா பண்றீங்க? தள்ளுங்க, நான் பாக்குறேன்."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ போயி மூஞ்சி கழுவிட்டு வா. இங்க வேலை நடக்குது."

"சூடுப்பா, கை சுட்டுரும்."

"அதுக்குத்தான் துவாய் இருக்கு."

ட்ரேயை அவரே எடுத்தார். பிள்ளைகள் சொல்லாமலே இரண்டடி பின்னால் போனார்கள். அது தினமும் நடக்கிற வேலை என்று அதிலிருந்தே தெரிந்தது. மேசையில் வைத்து, ஆற விட்டு, கத்தியால் சதுரம் சதுரமாக வெட்டி, பிள்ளைகளுக்குப் போட்டு, கடைக்குப் போக ரெடியாகி வந்த மருமகனுக்குப் போட்டு, எனக்கும் ஒரு துண்டு வைத்தார். வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு நான் அவர் பக்கத்தில் போய் நின்ற மாதிரியே.

"எப்படி?" என்றார்.

ஒரு பக்கம் கொஞ்சம் கருகியிருந்தது. உப்பு என்னுடையதைவிடக் குறைவு. உண்மையைச் சொன்னால், நான் செய்ததுதான் நன்றாக இருந்தது.

"நல்லா இருக்குப்பா" என்றேன்.

"நான்தான் தினமும் வைக்கிறது" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து எவ்வளவோ காலம்.

எங்கள் வீட்டில் அவர் குசினிப் பக்கம் வருவதில்லை. வரக்கூடாது என்று சொன்னது நான்தான். ஒருதரம் தேத்தண்ணி வைக்கப் போய், கேஸைத் திறந்துவிட்டு நெருப்புப் பெட்டியைத் தேடிக்கொண்டு நின்றிருக்கிறார். வாசம் வந்து என் வீட்டுக்காரர் ஓடிப்போய் மூடினார். அன்றிலிருந்து, "அப்பா, என்னா வேணும்னாலும் என்னையக் கூப்பிடுங்க, நீங்க எழும்பாதீங்க" என்று சொல்லி வைத்திருந்தேன். அவரும் அப்படியே கேட்டு நடந்தார். காலையில் எழும்பி, குளித்து, முன்னறையில் உட்கார்ந்து, நான் கொண்டுவந்து வைப்பதற்காகக் காத்திருப்பார்.

தங்கை டியூட்டி முடிந்து மத்தியானம் தாண்டி வந்தாள். அவள் செருப்பைக் கழற்றும் முன்னமே நான் தொடங்கிவிட்டேன்.

"அப்பாவ ஓவன்கிட்ட விட்டுட்டு நீ பாட்டுக்குப் போயிடுற. வயசான மனுசன், கைய சுட்டுக்கிட்டா?"

"சுட்டுக்கிட்டாருக்கா, ஒருதரம். இந்தா இந்த இடத்துல." தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினாள். "மருந்து போட்டு விட்டேன். அடுத்த நாளும் அவருதான் வச்சாரு."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லல."

"சொன்னா நீ அன்னைக்கே வந்து கூட்டிக்கிட்டுப் போயிருப்ப."

அவள் வந்து கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது. "நான் என்னா ஆசைப்பட்டா விட்டேன்? அவரும் வேலைக்குப் போற ஆளு மாதிரி விடிய எழும்பி உக்காந்திருந்தாரு. பிள்ளைகளுக்கு யாராவது எடுத்துக் குடுக்கணும். 'நான் வைக்கிறேன், சுவிட்ச காட்டு'ன்னாரு. காட்டினேன். ஒன்ன மாதிரி வீட்டோட இருந்து பாக்க எனக்கு முடிஞ்சா நானும் அவர எழும்ப விட மாட்டேன்." பிறகு கொஞ்சம் குரலைத் தணித்து, "இங்க வந்தா தெனமும் ஒன் ரொட்டியப் பத்திதான் பேச்சு. 'பெரியவ சுடுற ரொட்டி மாதிரி வராது, அவ கட்டச்சம்பல் மாதிரி வராது'ன்னு. எனக்கு எப்படி இருக்கும்?" என்றாள்.

அப்பாவை அங்கே விட்டுவிட்டுத் திரும்பி வருகிற பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அவள் என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாளா, இல்லை அப்பா உண்மையிலேயே அப்படிச் சொல்கிறாரா? ரொட்டிக்காக ஒரு நொடி சந்தோசப்பட்டேன். அடுத்த நொடி அந்தக் கதிரையும் துவாயும் ஞாபகத்துக்கு வந்தன. நான் அவருக்கு எல்லாம் செய்தேன். அவள் அவரை ஒன்றைச் செய்ய விட்டாள். அவளுக்கு வேறு வழியில்லாமல்தான் விட்டாள், யோசித்துச் செய்யவில்லை. இருந்தும் வென்றது அவள்தான். வேண்டுமென்று செய்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அப்பா திரும்பி வந்த அன்று சாயங்காலம் ட்ரேயை அடுக்கினேன். அவரைக் குசினிக்குக் கூப்பிட்டேன். அவர் வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்கப்பா. இந்த ஓவன் வேற மாதிரி. இது சூடு, இது நேரம். நாளைக்கு நீங்கதான் வைக்கணும்."

"நீ இருக்கியே" என்றார்.

"எனக்குக் காலையில தையல் வேலை இருக்கு."

வேலை ஒன்றும் இல்லை. காலையில் விழித்துக்கொண்டு, போர்வைக்குள்ளேயே கிடந்து காதைக் கூர்மையாக்கிக்கொண்டிருந்தேன். ஃப்ரிட்ஜ் திறந்தது. ட்ரே எங்கோ இடித்தது. என் கால் தானாகக் கட்டிலை விட்டு இறங்கியது. என் வீட்டுக்காரர் கையைப் பிடித்தார். "கேஸ் இல்லயே, கரண்ட் தானே. விடு" என்றார். பட்டன் சத்தம் இரண்டுதரம் கேட்டது. பிறகு நீளமாக ஒன்றும் கேட்கவில்லை. அந்த அமைதியில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முதல் நாள் சுவிட்சை மேல் பக்கம் மட்டும் சூடாகிற இடத்துக்குத் திருப்பிவிட்டார். சீஸ் கறுத்துப் போய் உள்ளே பச்சை முட்டையாக இருந்தது. அவர் கூனிக்குறுகிப் போனார். "சின்னவ ஓவன்ல இப்படி ஆகாது" என்றார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் ஓவன் மேல் பழி போட்டதால் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. கறுத்ததைச் சுரண்டிவிட்டு ட்ரேயைத் திரும்ப உள்ளே வைக்கச் சொன்னேன். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தினார்கள். வான்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டே நின்றார்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் முட்டைப் பாண்தான். மற்ற நாட்களில் நான் ரொட்டி சுடுகிறேன். அப்பாவுக்குக் கை பழகிவிட்டது. பக்கத்து வீட்டு ஆள் மணத்தைப் பிடித்துக்கொண்டு மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தால், அப்பா ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுத்து, செய்முறையையும் சொல்வார். வெங்காயம் வதக்குவது, முட்டை அடிப்பது எல்லாம் தானே செய்வதுபோலத்தான் சொல்வார். நான் நடையில் தைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

பொறாமை போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். நன்றாக வந்த அன்று அவர் முதலில் போன் எடுப்பது சின்னவளுக்குத்தான். "இன்னைக்குப் பொங்கி வந்துச்சு பாரு" என்று முன்னறையிலிருந்து சத்தம் கேட்கும். அந்தப் பாணுக்கு லீக்ஸ் கழுவி நறுக்கியது நான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை குடும்பத்தோடு வந்திருந்தாள். அப்பா எங்கள் இரண்டு பேரையும் குசினிக்குள் விடவில்லை. நாங்கள் இரண்டு பேரும் வேலையில்லாமல் மேசையில் உட்கார்ந்து, பிள்ளைகளைப் போலத் தட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தோம். அவர் ட்ரேயைக் கொண்டுவந்து வைத்து வெட்டினார். மொறுமொறுவென்று இருந்த ஓரத்துத் துண்டை எடுத்து, நேரே தங்கை தட்டில் வைத்தார். "இவளுக்கு ஓரம்தான் புடிக்கும்" என்றார் என்னிடம். எனக்கு நடுத்துண்டு.

எனக்கும் ஓரம்தான் பிடிக்கும். ஓரத்தைப் பிள்ளைகளுக்கு வைத்து வைத்து, அதைச் சொல்லும் பழக்கமே விட்டுப் போயிருந்தது. தங்கை கடித்த சத்தம் என் காதுக்குக் கேட்டது. அன்றைக்கு நடுத்துண்டையே சாப்பிட்டு முடித்தேன்.

இரண்டு நாள் கழித்து, அவர் ட்ரேயில் கத்தியை வைக்கும்போது சொன்னேன். "அப்பா, எனக்கு ஓரம் வைங்க."

அவர் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஒனக்கும் ஓரமா புடிக்கும்?"

"ஆமா."

"சொன்னாத்தானே தெரியும்" என்றார். பிறகு ட்ரேயைத் திருப்பி, இருந்ததிலேயே நன்றாகச் சிவந்திருந்த மூலையைத் தேடி, அளவைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வெட்டினார்.